தெனாலிராமன் வீட்டுப் பூனைக்குட்டி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தெனாலிராமனின் பூனைக் கதையை அறியாதவர்கள் நம்மிடையே இருக்க முடியாது. பள்ளிக்கூடப் படியேறுமுன்பே அம்மம்மாவின் மடியில் கிடந்து கேட்ட கதை அது. விஜயநகரத்தில் எலித் தொல்லை பெருகிவிடுகிறது. கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனைக்குட்டி கொடுக்கிறார். குட்டிக்குப் பால் வேண்டுமே என்று கூடவே ஒரு பசுவையும் கொடுக்கிறார். தெனாலிராமன் என்ன செய்கிறான்? முதல்நாளே பாலைக் கொதிக்கக் கொதிக்கக் குட்டியின் முன்னே வைத்துவிடுகிறான். ஆசையோடு வாயை வைத்த குட்டி வெந்த நாக்கோடு அலறி ஓடுகிறது. அன்றைக்குப் பிறகு பாற்கிண்ணத்தைக் கண்டாலே அதற்கு ஓட்டந்தான். பசுவின் பால் முழுவதும் ராமன் வீட்டாருக்கு. சில மாதங் கழித்து அரசர் பூனைகளைப் பார்வையிடுகிறார். ஊர்ப் பூனைகள் எல்லாம் கொழுத்து நிற்க, ராமனின் பூனை மட்டும் எலும்புந் தோலுமாக நிற்கிறது. “அரசே, எனது பூனை பால் குடிக்காது” என்கிறான் ராமன். வைத்துக் காட்டுகிறார்கள். பூனை ஓடுகிறது. சபை சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம்.

இந்தக் கதையைக் குட்டியின் பக்கத்தில் நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். உங்களில் சிலர் வீட்டுக்கு இந்த வாரம் ஒரு பூனைக்குட்டி வந்திருக்கும். அயல் வீட்டார் கொடுத்ததாக இருக்கலாம், பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கண்டெடுத்து வந்ததாக இருக்கலாம், இரவோடிரவாக யாரோ படலைக்குள்ளே போட்டுவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். அதை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியோடு நமது கதைகளையும் கவிதைகளையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். அவற்றிலே சில, குட்டியைக் கிட்ட நின்று பார்த்து எழுதப்பட்டவை. வேறு சில, பாற்சட்டிக்குக் காவல் நின்றவர்கள் எழுதியவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஒரு சிறிய உயிர் பிழைப்பதும் பிழைக்காமல் விடுவதும் சிலவேளை அந்த வேறுபாட்டிலேதான் தங்கியிருக்கிறது.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். பூனை என்றதும் பால்தான் நமது நாவில் வருகிறது. கம்பர் தமது இராம காதையின் அவையடக்கத்திலே தம்மை ஒரு பூனைக்கு ஒப்பிடுகிறார். பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று அதன் கரையை அடைந்த பூனையைப் போல, தாமும் இந்தப் பெருங்கதையைச் சொல்ல ஆசைப்பட்டதாகச் சொல்கிறார். பணிவுக்குச் சொன்ன உவமையிலும் எவ்வளவு அழகு! அங்கே கம்பர் கையாளும் சொல் பூனை அல்ல, ‘பூசை’. மலையாளத்தார் இன்றைக்கும் ‘பூச்ச’ என்கிறார்கள். நம் நாட்டுச் சிங்கள வீடுகளில் அது ‘பூசா’. கம்பருடைய பூசையும் நமது அயலவருடைய பூசாவும் இவ்வளவு கிட்டவாக ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

ஆனால் உவமைக்குப் பொருந்திய பால் குட்டியின் வயிற்றுக்குப் பொருந்தாது. தாய்ப்பூனையின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலைவிட மிகுதி. பசுப்பாலில் உள்ள லக்ரோஸ் என்ற வெல்லத்தைச் செரிக்கவைக்கும் சக்தியோ, தாய்ப்பால் மறக்க மறக்கப் பூனைக்குக் குறைந்துகொண்டு போகிறது. விளைவு வயிற்றோட்டம். பெரிய பூனை அதைத் தாங்கிக்கொள்ளும். அரைக்கிலோவும் நிறையாத குட்டி ஓரிரு நாளில் உடம்பின் நீரை இழந்து துவண்டுவிடும். எங்கள் அயலிலே ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. அன்பில்லாத வீடல்ல. அந்த வீட்டு அம்மா தமது தேநீருக்கு வைத்திருந்த பாலைத்தான் நாளுக்கு ஐந்து முறை ஊற்றிக் கொடுத்தார். “உதுக்குப் பாலைத் தவிர வேறை என்ன பிள்ளை குடுக்கிறது?” என்று என்னைக் கேட்டார். ஐந்தாம் நாள் குட்டி இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்த கதை, கேட்ட கதை, பார்த்த படம் எல்லாமே அவருக்குப் பாலைத்தானே காட்டிக்கொடுத்திருந்தன? பால்மா கரைத்துக் கொடுத்தாலும் கதை இதுதான், அதுவும் பசுப்பால்தான்.

ஆக, தெனாலிராமனின் பூனைக்குட்டி பாலை மறுத்ததால் மெலியவில்லை. பாலுக்குப் பதிலாக ஒரு துண்டு இறைச்சியோ மீனோ அதற்கு யாரும் வைக்காததால் மெலிந்தது. அந்தக் கதையை உண்டாக்கியவருக்கு இது தெரிந்திராது. தெரிந்திருந்தால் நமக்கு அந்தக் கதை கிடைத்திராது!

அப்படியானால் பூனைக்குட்டியின் வாய்க்குள் உண்மையாகவே எட்டிப் பார்த்த தமிழ்ப் புலவர் யாரும் இல்லையா? இருக்கிறார். அவர் கபிலர். புறநானூற்றின் 117ஆம் பாட்டிலே பாரியின் நாட்டு வளத்தைச் சொல்ல வந்தவர், அந்த நாட்டில் முல்லைக்கொடி அரும்பும் அழகை வெருகுக் குட்டியின் கூரிய பற்களுக்கு ஒப்பிடுகிறார். வெருகு என்றால் காட்டுப்பூனை. ஒரு குட்டி கொட்டாவி விடும்போது கிட்ட இருந்து பாருங்கள். இளஞ்சிவப்பு முரசிலே வெள்ளை வெளேரென்று, நுனி கூர்ந்து, இன்னும் விரியாத முல்லை அரும்புகள் வரிசையாக நிற்கும். பால் குடிக்கும் வயதுக் குட்டிக்கு அப்படி 26 பற்கள். ஆறு மாத அளவில் அவை விழுந்து 30 நிலைப்பற்கள் வந்துவிடும். விழுந்த அரும்பொன்று சிலவேளை உங்கள் பாயிலே கிடக்கும், பயப்படவேண்டாம். பாரியின் பறம்புமலையிலே கபிலர் எந்தக் குட்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தாரோ தெரியாது. பார்க்காமல் இந்த உவமை வராது என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

அந்த முல்லை அரும்புகள் சோறு மெல்லுவதற்கு வந்தவையல்ல. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணிப் பிராணி. இனிப்பு என்ற சுவையையே அதன் நாக்கு அறியாது என்பதும், அந்தச் சுவையை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்பதும் 2005ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாத ரோரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவில் செய்துகொள்ளமாட்டாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் அது கிடைக்கவேண்டும். நம்முடைய வீடுகளில் மிச்சச் சோற்றிலே சொதியை விட்டுப் பிசைந்து வைப்பது வழக்கம். சொதியிலே வெங்காயம் இருக்கிறது, உள்ளி இருக்கிறது. இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. எட்டு வாரம் தாண்டிய குட்டிக்கு, உப்பும் தூளும் போடாமல் அவித்து முள் நீக்கிய மீன், அவித்த கோழியிறைச்சி, இடைக்கிடை கொஞ்சம் முட்டை என்று நாளுக்கு நாலு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கடையில் விற்கும் குட்டிகளுக்கான உணவு வாங்க வசதியுள்ளவர்கள் அதையே பிரதானமாக வைத்துக்கொள்வது மேல், அதில் எல்லாச் சத்தும் அளவோடு இருக்கும். மீனைப் பச்சையாகப் போடாதீர்கள். சில வகை மீன்களின் பச்சைத் தசை, உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். கருவாடு வேண்டவே வேண்டாம். குடிக்கத் தண்ணீர், ஒரு சிரட்டையில் ஆனாலும், எந்நேரமும் இருக்கவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு போதும். வந்த முதல் இரவைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1904ஆம் ஆண்டில் தோக்கியோவில் அவர் வீட்டுக்குள்ளே ஒரு தெருக்குட்டி வந்து புகுந்தது. துரத்தத் துரத்தத் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டிலே ‘நான் ஒரு பூனை’ என்ற அவரது நாவல் வெளிவரத் தொடங்கியது. கதை சொல்வது பூனைதான். பிறந்த இடந் தெரியாத, பெயரும் வைக்கப்படாத ஒரு குட்டி. பசியோடும் குளிரோடும் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது, வேலைக்காரப் பெண் தூக்கி வெளியே எறிகிறாள், மீண்டும் நுழைகிறது, மீண்டும் எறிகிறாள். கடைசியில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். அந்த ஒரு வார்த்தையிலே அதற்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. மனிதர்களைப் பரிகசிக்கும் அங்கத நாவல் என்று அதனைச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதன் தொடக்கப் பக்கங்களில் மனிதன் எவ்வளவு பெரியவன், எவ்வளவு விளங்காதவன் என்று தரையோடு தரையாக நின்று பார்க்கும் ஒரு குட்டியின் கண் இருக்கிறது. புதிதாகக் குட்டி வந்த வீட்டார் அனைவரும் அந்தப் பக்கங்களை வாசிக்கவேண்டும்.

ஏனென்றால், நாம் அன்போடு செய்வதெல்லாம் அதற்கு முதலில் அச்சமாகத்தான் தெரியும். பிள்ளைகள் நாலுபேர் சுற்றி நின்று கைமாற்றிக் கைமாற்றித் தூக்குகிறார்கள். வீடு முழுவதும் திறந்து விடப்படுகிறது. குட்டி அலுமாரிக்கு அடியிலே போய் ஒளிகிறது, அதைத் தும்புத்தடியால் குத்தி வெளியே எடுக்கிறார்கள். இதெல்லாம் வேண்டாம். ஓர் அறையை, அறை இல்லையென்றால் ஒரு மூலையை, அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து, பழந்துணி விரித்து வைத்தால் அதுவே மாளிகை. ஒளிந்துகொள்ள இடமிருந்தால்தான் அது வெளியே வரும்! நீங்கள் தரையில் அமர்ந்து உங்கள்பாட்டில் ஒரு புத்தகத்தை வாசியுங்கள். இலக்கிய நேயர்களுக்கு இதைவிட இலகுவான வேலை வேறெது? அரைமணி நேரத்தில் உங்கள் பெருவிரலை ஒரு மூக்கு வந்து மோந்து பார்க்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது மடியில் ஏறும். முன்னங்கால் இரண்டாலும் மாறி மாறி மடியைப் பிசையும். தாயின் மடியில் பால் சுரக்கப் பிசைந்த அதே அசைவு அது. பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதக் கையின் இதமான தொடுகையை அறிந்த குட்டி ஆயுள் முழுவதும் மனிதரை நம்பும். அந்த வயதிலே கொதிபாலை அறிந்த குட்டி என்னாகும் என்பதைத் தெனாலிராமன் கதை சரியாகவே சொல்லியிருக்கிறது. அதிலே கதாசிரியரின் பார்வையை நான் மெச்சுகிறேன்.

மலசல விடயத்திலே குட்டி நமக்குத் தரும் சிரமம் மிகக் குறைவு. ஒரு தட்டையான தட்டிலே மணலோ மரத்தூளோ பரப்பி, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தூரத்தில் வையுங்கள். நாலு வாரமான குட்டிக்குத் தோண்டவும் மூடவும் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தவறிய இடத்தில் மூக்கைத் தேய்த்துத் தண்டிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் குட்டி கற்றுக்கொள்ளும் ஒரே பாடம், உங்களைக் கண்டால் ஓடுவது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளில் அடுப்படியைத் தனியாகச் சொல்லவேண்டும். ஏழ்மையைக் குறிக்க, அடுப்பிலே பூனை படுத்துறங்குகிறது என்று சொல்வது நமது வழக்கு. அடுப்பெரிய வகையில்லாத வீடு என்பது மனிதர் கொள்ளும் பொருள். பூனையின் பொருள் வேறு. மனிதருக்கு இதமான சூடு அதற்குப் போதாது, முப்பது பாகைக்கு மேற்பட்ட சூட்டையே அதன் உடம்பு விரும்பும். நேற்றைய சாம்பலில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பைத் தேடிக் குட்டி அங்கே போகிறது. விடியற்காலையில் விறகு வைக்குமுன் அடுப்புக்குள் ஒருமுறை பாருங்கள். கிணற்றுக் கட்டு தாழ்வாக உள்ள வீடுகளில் கிணற்றை மூடி வையுங்கள். ஊசியில் கோத்த நூல், மோட்டார் வாகனத்தின் அடிப்பாகம், துணி துவைக்கும் இயந்திரம் இவற்றையும் கவனியுங்கள்.

மருந்துப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டிக்கு உடம்பு சுடுகிறதென்று பரசிற்றமோல் குளிசையில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பூனைக்கு அது நஞ்சு. ஒரு குளிசை ஒரு பெரிய பூனையையே கொன்றுவிடும். நாயின் தெள்ளுக்குப் போடும் மருந்துகளில் பேர்மெத்ரின் கலந்தவையும் அப்படித்தான். வருத்தம் என்றால் மிருக வைத்தியரிடம் போவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இனி, கண் திறவாத குட்டிகளின் கதைக்கு வருகிறேன். வைணவ சமயத்திலே இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை விளக்க இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது, இது மர்க்கட நியாயம், வடகலையார் கொள்கை. பூனைக்குட்டியோ எந்த முயற்சியும் செய்வதில்லை, தாயே அதன் பிடரியைக் கவ்வி எடுத்துச் செல்கிறது, இது மார்ச்சால நியாயம், தென்கலையார் கொள்கை. சைவர்களாகிய நம்மிற் பலருக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை. ஆனால் உவமையைச் சொன்ன பெரியார்கள் பூனையை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள்! பிடரியைத் தாய் கவ்வியவுடன் குட்டி கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, அசைவற்றுத் தொங்கிவிடும். அது அதன் உடம்பிலேயே அமைந்த இயல்பு. சரணாகதிக்கு வேறு படம் தேவையில்லை. தாய்க்குத்தான் அந்தப் பிடி பொருந்தும் என்பதையும் கவனிக்கவேண்டும். நாம் தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும் மறுகை பின்னங்கால்களின் கீழும் இருக்கவேண்டும்.

இந்த நியாயத்தில் நமக்கு ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. வேலியோரத்திலோ விறகுக் குவியலிலோ கண் திறவாத குட்டிகளைக் கண்டவுடன் அநாதை என்று எண்ணி அள்ளிக்கொண்டு வராதீர்கள். தாய் ஒன்றொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம், இரை தேடப் போயிருக்கலாம். தூர நின்று சில மணிநேரம் பாருங்கள். வன்னியிலும் மலையகத்திலும் இருக்கும் நேயர்களுக்கு இது இன்னும் முக்கியம். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் கண்டெடுக்கப்படும் குட்டி வீட்டுப்பூனையாக இல்லாமலும் இருக்கலாம். மீன்பிடிப் பூனையும், உலகின் மிகச்சிறிய பூனையினங்களில் ஒன்றான துருப்புள்ளிப் பூனையும் நமது நாட்டிலே வாழ்கின்றன. வளர்ந்த துருப்புள்ளிப் பூனையே ஒன்றரைக் கிலோ அளவுதான் இருக்கும் என்றால் அதன் குட்டியை எண்ணிப் பாருங்கள். கபிலரின் வெருகுக் குட்டியை அதன் தாயிடமே விட்டுவிடுவோம்.

தாய் வரவே மாட்டாது என்று உறுதியானால், தாயின் வேலை முழுவதும் நம்முடையது. முதலில் சூடு, பிறகுதான் உணவு. குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வயிறு எதையும் செரிக்காது. போத்தலில் சுடுநீர் நிரப்பித் துவாயால் சுற்றி, குட்டி விரும்பினால் விலகிப் போகக்கூடிய விதமாகப் பக்கத்தில் வையுங்கள். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலுங்கூடக் கொடுக்கவேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் பால் பருக்கக்கூடாது, பால் சுவாசப்பைக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்க, தலையைச் சற்று நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவிவிடவேண்டும். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சலங்கழிக்காது, தாய் நக்கித்தான் கழிக்கச் செய்யும். மூன்று கிழமை உறக்கம் கெடும். குட்டியை ஏற்குமுன் வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி, யார் எந்தச் சாமம் எழும்புவது என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இத்தகைய குட்டிகள் ஏன் நமது தெருக்களில் கிடக்கின்றன? மீன்சந்தை ஓரங்களில், கோயில் வீதிகளில், பள்ளிவாசல் மதிலடியில் ஒரு சாக்கோ கடதாசிப் பெட்டியோ கிடக்கும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவனை வைத்துக்கொண்டு பெட்டையைக் கழித்துவிடுகிறார்கள். பெட்டை குட்டி போடும் என்பது காரணம். இஸ்லாமிய வரலாற்றிலே அபூஹுரைரா என்ற நபித்தோழரை அறிவோம். அந்தப் பெயரின் பொருளே பூனைக்குட்டியின் தந்தை என்பதாகும். தாம் வளர்த்த பூனைக்குட்டியால் அவருக்கு வந்த பெயர் அது. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் என்று நபிமொழி கூறுகிறது. சாக்கைக் கட்டிச் சந்தையில் வைப்பவர்கள் அந்தப் பெண்ணைவிட எந்த விதத்தில் வேறுபட்டவர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்காணாத இடத்தில் நடப்பதால் அது பாவமாகத் தெரிவதில்லை போலும்.

பாரதியின் ‘முரசு’ப் பாட்டில் வரும் வெள்ளைப் பூனையை உங்களுக்குத் தெரியும். அது ஈன்ற குட்டிகள் நாலும் நாலு நிறம். மனிதரில் நிறபேதம் பார்ப்பவர்களுக்குப் பாரதி காட்டிய உதாரணம் அது. உயிரியலும் அவர் பக்கமே. பூனையில் வெள்ளை நிறம் மற்ற நிறங்களை மறைத்து நிற்பது, அதன் குட்டிகளில் மறைந்திருந்த நிறங்கள் வெளிப்படும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் வெவ்வேறாக இருப்பதும் உண்டு. பாரதி வீட்டிலே நாலு குட்டிகளும் தாயோடு இருந்து வளர்ந்தன என்றே அந்தப் பாட்டை வாசிக்கும்போது தோன்றும். நமது வீட்டிலே பெட்டைப் பூனை நாலு குட்டி போட்டால் நாலையும் வைத்துக்கொள்ள முடியுமா? பலரால் முடியாது. முடியாது என்பதற்காகச் சாக்கைத் தேடவேண்டியதில்லை. பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். ஒன்பது கிழமையில் ஈனும். ஈன்ற குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கருவுறும். ஆகவே நாலு மாதமாகும்போதே மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்க்குணத்துக்கு விரோதமான காரியம் என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். சாக்குக்குள் இருந்து வரும் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்த வாதத்தை நெடுநேரம் நடத்தமாட்டார்கள்.

மூன்று மாதமாகும்போது நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போடவேண்டும். அந்த நோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல. தெருவில் இருந்து வந்த குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ, சிறு காயந்தானே என்று விட்டுவிடாமல், ஓடும் நீரிலே சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. பிள்ளைகள் பயத்தில் மறைப்பார்கள், பேசாமல் கேட்டு அறியுங்கள். குடற்புழு மருந்தையும் மறக்கவேண்டாம், தாய்ப்பாலோடேயே புழு வந்துவிடும்.

கடைசியாக ஓர் ஆங்கிலக் கவிஞர். கிறிஸ்ரோபர் சிமார்ட் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மனநிலை பிசகியவர் என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில், 1759க்கும் 1763க்கும் இடையில் ஒரு நீண்ட துதிப்பாடலை எழுதினார். அது அச்சேறியது 1939ஆம் ஆண்டிலேதான். அதில் எழுபதுக்கு மேற்பட்ட வரிகள், அடைபட்ட இடத்தில் அவருக்குத் துணையாக இருந்த ஜெஃப்ரி என்ற பூனையைப் பற்றியவை. அந்தப் பூனை காலையில் எழுந்து என்ன செய்கிறது, முதலில் எந்தக் காலைப் பார்க்கிறது, பிறகு எப்படி உடம்பை நீட்டுகிறது, எப்படி முகங்கழுவுகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். தினமும் பார்த்துக் குறித்தவரின் எழுத்து அது.

நேயர்களே, உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். வீட்டில் குட்டி இருந்தால் ஒரு கொப்பியை எடுத்துத் திகதியிட்டு எழுதத் தொடங்குங்கள். குசினித் தராசில் நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், நிறுத்து நிறையைக் குறியுங்கள். பிறந்தபோது ஏறக்குறைய 100 கிராம், அதன்பின் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடவேண்டும். இரண்டு நாள் கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நிறைக்குப் பக்கத்திலே அன்றைக்கு அது செய்த ஒரு காரியத்தையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளையே எழுதவிடலாம். இரண்டு மாதங் கழித்து அவற்றில் நல்லவற்றைத் தெரிந்து இந்த நிகழ்ச்சிக்கு அனுப்பினால், வாசிக்க நான் காத்திருக்கிறேன்.